எந்த ஷாக் வாங்கலாம்னு கேக்குறதுக்கு முன்னாடி: மவுண்ட், சாய்வு, உப்புக்காத்து

(இது எபிசோட்டின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஆங்காங்கே திருத்தியிருக்கிறோம்.)

ரெண்டு மாசமா இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி, வேற வேற பேர்ல வந்துட்டே இருக்கு. "ப்ரோ, தேரிப் பக்கம் ஓட்டுற மாதிரி ஜீப்பை ரெடி பண்ணணும், எந்த ஷாக் வாங்கலாம்?" சில பேர் விலையும் சேத்து அனுப்புறாங்க. ஒரு செட் ஷாக்குக்கு அவங்க சொல்ற தொகையில நல்ல லேப்டாப்பே வாங்கிடலாம்.

அதனால இன்னைக்கு ஷாக் அப்சார்பர் பத்திதான் பேசப்போறோம். ஆனா பிராண்டு பேர் எதுவும் வராது. அந்த ஷாக்கை வண்டியில எந்த இடத்துல, எந்தச் சாய்வுல மாட்டியிருக்குங்கிறதுதான் விஷயம். அது தப்பா இருந்தா, எவ்வளவு காசு போட்டு வாங்கின ஷாக்கும் பாதி வேலைதான் செய்யும். இன்னும் மோசமான இடத்துல இருந்தா, ஷாக் நல்லாவே இருக்கும், சேஸ்ல இருக்குற மவுண்ட் பிஞ்சுக்கிட்டு வரும். பின்னாடி நாலு பேர் உக்காந்திருக்கும்போது அது பிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஸ்பிரிங்குக்கு ஒரு வேலை, ஷாக்குக்கு வேற வேலை

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துருவோம். வண்டியோட எடையைத் தாங்குறது ஸ்பிரிங். பழைய மகிந்திரா ஜீப், ஜிப்ஸி இதுலல்லாம் தகடுகளை அடுக்கடுக்கா வெச்சுக் கட்டின லீஃப் ஸ்பிரிங். 2010-ல வந்த முதல் தார்ல முன்னாடி டார்ஷன் பார், பின்னாடி லீஃப். 2020-ல வந்த புது தார்ல பின்னாடியும் காயில் ஸ்பிரிங் ஆயிடுச்சு. 2023-ல வந்த ஜிம்னில நாலு சக்கரத்துக்கும் காயில், ஆனா முன்னும் பின்னும் முழு ஆக்ஸில்.

ஷாக் எடையைத் தாங்காது. அது செய்யுற வேலை ஆட்டத்தை நிறுத்துறது. நம்ம பழைய துறைமுகத்துல மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டு நிக்குற தோணியைப் பாத்திருப்பீங்க. ஒரு பெரிய அலை அடிச்சா தோணி ஒரு தடவை சாஞ்சு நிமிர்ந்து நின்னுடாது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு கொஞ்ச நேரம் ஆடிட்டேதான் இருக்கும். ஷாக் இல்லாத வண்டியும் அப்படித்தான். ஒரு குழியில இறங்கினா அடுத்த அம்பது மீட்டருக்கு ஆடும்.

ஷாக்குக்குள்ள எண்ணெய் இருக்கு, பிஸ்டன் இருக்கு, பிஸ்டன்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கு. கம்பி உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் எண்ணெய் அந்த ஓட்டை வழியா பிதுங்கிப் போகணும். வேகமாத் தள்ளினா எதிர்ப்பு அதிகம், மெதுவாத் தள்ளினா கம்மி. ஆட்டத்துல இருந்த சக்தி எல்லாம் எண்ணெயில சூடா மாறிடும். அதாவது ஷாக்குங்கிறது ஆட்டத்தைச் சூடாக்குற ஒரு கருவி, அவ்வளவுதான்.

இதுல ஒரு வார்த்தையை மட்டும் பிடிச்சுக்கோங்க: வேகம். ஷாக் எவ்வளவு எதிர்ப்பு குடுக்கும்ங்கிறது அதோட கம்பி எவ்வளவு வேகமா நகருதுங்கிறதைப் பொறுத்தது. சக்கரம் வேகமா ஏறினாலும் கம்பிக்கு அந்த வேகம் போய்ச் சேரலைன்னா, ஷாக் சும்மா இருக்கும்.

சாச்சு மாட்டினா என்ன ஆகும்

இப்ப கணக்கு. பயப்பட வேண்டாம், பதினொண்ணாம் வகுப்புல படிச்ச கொசைன்தான்.

ஷாக்கை நேரா செங்குத்தா மாட்டியிருந்தா, சக்கரம் 100 மில்லிமீட்டர் ஏறும்போது கம்பியும் 100 மில்லிமீட்டர் உள்ள போகும். அதையே சாச்சு மாட்டினா கம்பி குறைவாத்தான் நகரும். சாய்வோட கொசைன் எவ்வளவோ அவ்வளவுதான். இது முதல் நஷ்டம்.

ரெண்டாவது நஷ்டம்: ஷாக் குடுக்குற விசையும் சாஞ்ச திசையிலதான் இருக்கும். அதுல ஒரு பங்குதான் மேல-கீழ ஆட்டத்தை நிறுத்தப் பயன்படும். அங்கயும் ஒரு கொசைன். ஆக, கொசைன் ரெண்டு தடவை பெருகுது.

எண்ணாப் பாத்தா புரியும். 15 டிகிரி சாய்வுல 93% வேலை கிடைக்கும், கவலையே இல்ல. 20 டிகிரியில 88%. 30 டிகிரியில 75%. 45 டிகிரின்னா சரியா பாதி. அதாவது நீங்க ரெண்டு ஷாக் வாங்கி, ஒரு ஷாக்கோட வேலையைத்தான் எடுத்துக்கிறீங்க.

இதோட முடியல. சாச்சு மாட்டின ஷாக்குல இன்னொரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவுல பக்கவாட்டுல 250 மில்லிமீட்டர், உயரத்துல 433 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம். ஷாக்கோட நீளம் 500, சாய்வு 30 டிகிரி. இப்ப ஆக்ஸில் 100 மில்லிமீட்டர் மேல ஏறுது. பக்கவாட்டு 250 அப்படியேதான் இருக்கும், உயரம் மட்டும் 333 ஆயிடும். சாய்வு கிட்டத்தட்ட 37 டிகிரி. 75% இருந்த வேலை 64% ஆயிடுச்சு. ஷாக்கும் 100-க்குப் பதிலா 84 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கு.

யோசிச்சுப் பாருங்க. வண்டி குதிச்சுக் கீழ விழுந்து ஆக்ஸில் மேல ஏற ஏறத்தான் நமக்கு எதிர்ப்பு அதிகமா வேணும். சாஞ்ச ஷாக் சரியா அந்த நேரத்துல கையை விரிக்குது.

"அப்ப கம்பெனிக்காரன் ஏன் சாச்சு வெச்சான்?"னு கேப்பீங்க. மேல எரிபொருள் தொட்டி, சீட், எக்ஸாஸ்ட் பைப்னு எல்லாத்துக்கும் இடம் விடணும். பக்கவாட்டு ஆட்டத்தையும் கொஞ்சம் பிடிக்கணும். அவங்க சாய்வை முடிவு பண்ணிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி உள்ள இருக்குற வால்வை அமைச்சிருப்பாங்க. சாய்வும் வால்வும் ஒரு ஜோடி. நாம ஒண்ணை மட்டும் மாத்தினா ஜோடி பிரிஞ்சிடும். மவுண்ட் மாத்துற வேலையில முக்கால்வாசிப் பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது

மேடு பள்ளத்துல ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறாது. ஒண்ணு பாறை மேல, ஒண்ணு பள்ளத்துல. முழு ஆக்ஸில் வண்டியில அப்ப ஆக்ஸில் நடுவுல ஊஞ்சப் பலகை மாதிரி சாயும். ஷாக் நடுவுக்குப் பக்கத்துல இருந்தா கொஞ்சமா நகரும், சக்கரத்துக்குப் பக்கத்துல இருந்தா நிறைய நகரும்.

நடுவுல இருந்து சக்கரம் 750 மில்லிமீட்டர், ஷாக் 500 மில்லிமீட்டர்னு வைங்க. மூணுல ரெண்டு பங்கு நகரும். இங்கயும் அதே ரெட்டைப் பெருக்கல்தான்: கிடைக்கிற வேலை 44%. நேர் ரோட்டுல ஒழுங்காப் போற ஜீப், வளைவுலயும் ஒத்தைக் குழியிலயும் மட்டும் ஏன் உருளுதுன்னு கேக்குறவங்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். ஷாக்கைச் சக்கரத்துப் பக்கம் தள்ளி, நேரா நிமித்தி வெச்சா, பழைய ஷாக்கே புதுசு மாதிரி தெரியும். ஆனா டயருக்கும் ஷாக்குக்கும் நடுவுல இடம் வேணும், ஸ்டியரிங் முழுசாத் திருப்பினாலும்.

உயரம் ஏத்தினதும் ஆரம்பிக்கிற வம்பு

மவுண்ட் மாத்துற பேச்சு பெரும்பாலும் எப்ப வருதுன்னா, வண்டியை உயத்தின அப்புறம்தான். என் நண்பன் ஒருத்தன் பழைய லீஃப் ஸ்பிரிங் ஜீப் ஒண்ணு வெச்சிருக்கான். ஒரு ஒர்க்‌ஷாப்புல 50 மில்லிமீட்டர் லிஃப்ட் போட்டு, நீளமான ஷாக்கும் மாட்டிக் குடுத்தாங்க. பாக்க செம்மையா இருந்துச்சு. மூணு மாசத்துல பின்பக்கம் மேல் மவுண்ட்டோட வெல்டிங் ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு கீறல். துருன்னு நினைச்சான். கையால துடைச்சுப் பாத்தா, சேஸ் தகட்டுக்குள்ளயே ஓடுது.

ஏன் அப்படி ஆச்சுன்னு கணக்குப் போட்டுப் பாப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், தர்க்கம் எல்லா வண்டிக்கும் ஒண்ணு.

பழைய ஷாக் முழுசா மூடினா 330 மில்லிமீட்டர், முழுசா நீட்டினா 530. வண்டி சும்மா நிக்கும்போது 430. மேல போக 100, கீழ இறங்க 100. பம்ப் ஸ்டாப் ரப்பர் முழுசா நசுங்குறதுக்கு 90 போதும். அதாவது ஷாக் முட்டுறதுக்கு 10 மில்லிமீட்டர் முன்னாடியே ரப்பர் தாங்கிடும். கம்பெனிக்காரன் போட்ட கணக்கு இது.

இப்ப 50 ஏத்துறோம். பழைய ஷாக் 480-ல நிக்கும். கீழ இறங்க 50 தான் மிச்சம். ஒவ்வொரு பள்ளத்துலயும் ஷாக் முழுசா நீண்டு 'டக்'குனு அடிக்கும். ஆக்ஸிலோட மொத்த எடையும் அந்தச் சின்ன போல்ட்டுல தொங்கும்.

சரி, நீளமான ஷாக் போடுவோம்னு மூடினா 400, நீட்டினா 660 உள்ளதை வாங்குறோம். வண்டி நிக்குறது அதே 480. கீழ இறங்க 180 கிடைச்சிருச்சு, சந்தோஷம். ஆனா மேல போக 80 தான் இருக்கு. ரப்பரோ, வண்டி உயர்ந்ததால இப்ப 140 தள்ளி நிக்குது. அப்ப ஒரு பெரிய மேட்டுல முதல்ல முட்டுறது எது? ஷாக். ரப்பர் தாங்க வேண்டிய அடியை ஷாக்கோட கம்பியும் சேஸ்ல இருக்குற மவுண்ட்டும் வாங்குது. நண்பன் வண்டியில கீறல் விட்டது அதனாலதான்.

இதைச் சரி பண்ண ரெண்டு வழி. ஒண்ணு, மேல் மவுண்ட்டை 80 மில்லிமீட்டர் உயத்துறது. அப்ப ஷாக் 560-ல நிக்கும். மேல 160, கீழ 100. ரப்பர் 140-ல தாங்கிடும், ஷாக்குக்கு 20 மிச்சம். ரெண்டாவது வழி ரொம்ப மலிவு: பழைய ஷாக்கையே வெச்சுட்டு, மேல் மவுண்ட்டையும் பம்ப் ஸ்டாப்பையும் சேத்து 50 கீழ இறக்குறது. பழைய கணக்கு அப்படியே திரும்பிடும். இதுல மவுண்ட்டை மட்டும் இறக்கி ரப்பரை மறந்தீங்கன்னா, மறுபடியும் ஷாக்தான் முட்டும்.

கட் பண்றதுக்கு முன்னாடி அளக்கணும்

எங்க ஊர்ல ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கார். யார் புது ஷாக் டப்பாவோட போனாலும் முதல்ல ஒண்ணுதான் கேப்பார்: "தம்பி, ஆக்ஸிலு எம்புட்டு ஏறுது, எம்புட்டு இறங்குதுன்னு அளந்தியா? அளக்காம வாங்கியாந்துட்டு என்னய வெட்டச் சொல்லுதியே." அவர்கிட்ட பாத்த முறையைச் சொல்றேன்.

வண்டியைச் சமதரையில நிறுத்தி, சேஸுக்கு ஸ்டாண்ட் குடுக்கணும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில போகாதீங்க. ஷாக்கைக் கழட்டிரணும். காயில் வண்டின்னா ஸ்பிரிங்கையும் எடுத்துடலாம். லீஃப்னா மேல இருக்குற நீளமான மெயின் தகட்டை மட்டும் விட்டுட்டு மத்ததை எடுக்கணும். அப்பதான் ஆக்ஸிலை ஜாக்கியால மேல-கீழ ஓட்டிப் பாக்க முடியும்.

மேல: ரப்பர் நசுங்குற அளவு வரைக்கும் ஏத்தி, ரெண்டு மவுண்ட்டுக்கும் நடுவுல அளக்கணும். ஷாக் மூடின நீளம் அதைவிடக் குறைஞ்சது 10, 15 மில்லிமீட்டராவது சின்னதா இருக்கணும். கீழ: பிரேக் ஹோஸ் இழுபடுதா, புரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் மடங்கி இடிக்குதா பாக்கணும். ஹோஸ் அறுந்தா பிரேக் போச்சு. அதனால ஷாக் நீளத்தைவிட ஹோஸ் நீளம்தான் பெரிய விஷயம். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் ஏத்தி, மறுபக்கம் இறக்கி, டயர் எங்கயாவது உரசுதான்னு பாக்கணும்.

இந்த எண்களை எல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க. மவுண்ட் எங்க வரணும்னு அந்தத் தாளே சொல்லிடும். நிக்கும்போது மேல பாதி, கீழ பாதிங்கிறது நல்ல தொடக்கம்.

மவுண்ட் எப்படி இருக்கணும்

சேஸ்ல நேரா ஒரு துண்டு இரும்பை வெச்சுப் பத்தவைக்கிறது எல்லாரும் செய்யுறது. கீறல் விடுறதும் அதுதான். விசை ஒரே கோட்டுல குவியும். முதல்ல சேஸ் மேல ஒரு அகலமான தகடு, அதுக்கு மேல மவுண்ட். தகட்டோட ரெண்டு முனையும் மீன் வால் மாதிரியோ வைரம் மாதிரியோ சாய்வா முடியணும். சேஸோட உயரவாக்குல நேர் கோடா வெல்டிங் போடக்கூடாது. அந்தக் கோட்டுலதான் சேஸ் மடங்கப் பாக்கும்.

அடுத்தது போல்ட். ஒரு பக்கம் மட்டும் பிடிச்ச பின்னுல ஷாக் மாட்டினா, பின் வளையும். ரெண்டு பக்கமும் காது வெச்சு நடுவுல ஷாக்கோட கண்ணு வர்ற மாதிரி இருந்தா, போல்ட் வளையாது. தலையில 8.8, 10.9னு எண் அடிச்ச போல்ட்டாப் பாத்து வாங்குங்க.

ரப்பர் புஷ் வெச்ச ஷாக்னா, கடைசியா முறுக்குறது வண்டி நாலு சக்கரத்துலயும் நிக்கும்போதுதான். ஜாக்கியில தொங்கும்போது முறுக்கினா, இறக்கினதும் புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும்.

இப்ப நம்ம ஊருக்கே உள்ள எதிரி. முள்ளக்காடு, ஆறுமுகநேரி, தருவைகுளம், வேப்பலோடைப் பக்கம் உப்பளத்து வண்டிகளோட அடிப்பகுதியைப் பாத்தவங்களுக்குத் தெரியும். உப்புத்தூளும் ஈரக்காத்தும் சேந்தா இரும்பு அப்பளம் மாதிரி உதிரும். வெல்டிங் போட்ட இடத்துல பெயிண்ட் எரிஞ்சு போயிருக்கும், துரு முதல்ல பிடிக்கிறது அங்கதான். வெல்டிங் முடி�்சதும் சுத்தம் பண்ணி, துத்தநாக பிரைமர் அடிச்சு, மேல பெயிண்ட். தகட்டோட ஓரம் எல்லாம் அடைச்சிருக்கணும், இல்லன்னா ரெண்டு தகட்டுக்கும் நடுவுல உப்புத்தண்ணி போய் உக்காந்துக்கும்.

ஷாக்கோட பளபள கம்பியையும் பாருங்க. உப்பால அதுல சின்னப் புள்ளி விழுந்தா, ஒவ்வொரு தடவை உள்ள போகும்போதும் அது சீலைச் சீவும். கொஞ்ச நாள்ல எண்ணெய் கசியும். உப்பளப் பாதையில போயிட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணியில அடிப்பகுதியைக் கழுவுங்க.

இப்பதான் ட்யூனிங்

முதல் ட்யூனிங்குக்குக் காசே வேண்டாம்: டயர் காத்து. தேரின்னதும் எல்லாரும் ஷாக்கைப் பத்தி யோசிக்கிறாங்க. தேரிக்குடியிருப்பு, குதிரைமொழிப் பக்கம் இருக்குற அந்தச் செம்மணல், ஒவ்வொரு துகள்லயும் இரும்பு ஆக்சைடு பூசின மணல். காலை வெச்சாலே புதையும். அங்க வண்டியைக் காப்பாத்துறது டயரோட அகலமான தடம். மணல்ல 15-ல இருந்து 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கினா தடம் பரவும். தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி மறுபடி ஏத்தணும், இல்லன்னா டயர் சூடாகி வெடிக்கும்.

ஷாக்குக்கு உண்மையான பரீட்சை வேற இடத்துல. உப்பளத்து வண்டிப்பாதையில துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியா மேடு விழுந்திருக்கும் பாருங்க, அங்கதான். 2007-ல டாபர்லே, மாரிஸ், மெக்கெல்வெயின்னு மூணு விஞ்ஞானிகள் இந்த வரிகளைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மணல்ல ஒரு சக்கரத்தை உருட்டினா, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல போனாலே வரி தானா உருவாகுது. ஸ்பிரிங்கே இல்லாத சக்கரத்துக்கும் உருவாகுது.

வரிக்கு வரி 60 சென்டிமீட்டர், வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்னா, சக்கரம் நொடிக்கு கிட்டத்தட்ட 14 தடவை ஏறி இறங்கும். பத்து நிமிஷத்துல எட்டாயிரம் தடவைக்கு மேல. அத்தனையும் சூடு. எண்ணெய் சூடாகி நுரைச்சா ஷாக் வெறும் குழாய் ஆயிடும். நைட்ரஜன் அடைச்ச ஷாக் ஏன் விலை அதிகம்னா, அழுத்தம் குடுத்து அந்த நுரையைத் தடுக்கிறதுக்குத்தான்.

இதுலயே ஒரு இலவச சோதனையும் இருக்கு. அப்படி ஒரு பாதையில ஓட்டி முடிச்சதும், நாலு ஷாக்கோட சூட்டையும் தொடாம அளக்குற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால பாருங்க. மூணு சூடா இருந்து ஒண்ணு மட்டும் ஆறிப்போய் இருந்தா, செத்தது அதுதான். அண்ணாச்சி பாஷையில சொன்னா, "சூடாவாத ஷாக்கு, சம்பளம் மட்டும் வாங்குத ஆளு."

திருகி மாத்துற வசதி உள்ள ஷாக்னா ரெண்டு சொல் தெரியணும். கம்ப்ரெஷன்னா கம்பி உள்ள போகும்போது உள்ள எதிர்ப்பு. ரீபவுண்டுன்னா வெளிய வரும்போது உள்ளது. சாதாரணமா ரீபவுண்டுதான் கூடுதலா இருக்கும், ஏன்னா அமுங்கின ஸ்பிரிங் வண்டியைத் தூக்கி எறியாம அதுதான் பிடிக்கணும். ரீபவுண்டு கம்மியா இருந்தா மேட்டைத் தாண்டினதும் வண்டி துள்ளும். ரொம்ப அதிகமா இருந்தா இன்னொரு தொல்லை: வரிப்பாதையில ஒரு வரியில அமுங்கின சக்கரம் இறங்கி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வரி வந்திடும். வண்டி கொஞ்சம் கொஞ்சமா தாழ்ந்து, கடைசியில ரப்பர் மேலயே உக்காந்து ஓடும். "ஷாக் ரொம்ப ஹார்டா இருக்கு"ன்னு இதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு கம்ப்ரெஷனைக் குறைப்பாங்க. குறைக்க வேண்டியது ரீபவுண்டை.

நம்ம தொழில்ல பக் தேடும்போது ஒரே நேரத்துல அஞ்சு ஃபைலை மாத்த மாட்டோம்ல? இங்கயும் அதேதான். ஒரே பாதை, ஒரே வேகம், அதே ஆளுங்க, அதே டயர் காத்து. ஒரு தடவைக்கு ஒரு கிளிக், ஒரு திருகு மட்டும். ஓட்டின உடனே ஃபோன்ல எழுதி வெச்சுடுங்க. நாலாவது ரவுண்டுல முதல் ரவுண்டு எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வெட்டலாமா, கூடாதா?

கடைசியா, யூடியூப் வீடியோக்கள்ல பெரும்பாலும் வராத பகுதி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழ்ல இருக்குற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. ஜெயச்சந்திரா வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தின உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும்னு 182-ஏ பிரிவு வந்துச்சு. விபத்துன்னு ஒண்ணு நடந்து இன்சூரன்ஸ்காரர் அடியில குனிஞ்சு பாத்தா, உங்க புது வெல்டிங்தான் அவர் கண்ணுல முதல்ல படும்.

அதனால என் கருத்து இது. தினமும் ஆபீஸ் போய்ட்டு, மாசத்துக்கு ஒரு தடவை மண் ரோட்டுல இறங்குற வண்டிக்கு மவுண்ட் வெட்ட வேண்டிய அவசியமே இல்ல. நல்ல புஷ், கசியாத ஷாக், சரியான டயர் காத்து, பின்னாடி கிடக்குற தேவையில்லாத எடையை இறக்குறது, இந்த நாலும் போதும். மவுண்ட் மாத்துறது, பொது ரோட்டுக்கே வராம தனியார் நிலத்துலயோ போட்டியிலயோ மட்டும் ஓடுற வண்டிக்கு. அதையும் அளந்த தாள் கையில இருந்தா மட்டும் செய்யுங்க.

தேரியில பெரும்பகுதி வனத்துறை காப்புக்காடு. அனுமதி கேக்காம இறங்காதீங்க. கடற்கரையில வேண்டவே வேண்டாம். ஆமை முட்டையிடுற மணல் அது, வலை காயப்போடுறவங்களோட இடமும் அதுதான்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்ங்க. எந்த வண்டியா இருந்தாலும் சரி, அப்பாவோட காரா இருந்தாலும் சரி, டார்ச் எடுத்துக் குனிஞ்சு ஷாக் எத்தனை டிகிரி சாஞ்சிருக்குன்னு பாருங்க. ஃபோன்லயே சாய்வு அளக்குற ஆப் இருக்கு. மேல் மவுண்ட் ஓரத்துல கீறல் இருக்கா, கம்பியில எண்ணெய் ஈரம் இருக்கான்னும் பாத்துடுங்க. போட்டோ எடுத்து அனுப்பினீங்கன்னா, கணக்குப் போட்டு எத்தனை சதவீதம் வேலை நடக்குதுன்னு அடுத்த எபிசோட் ஆரம்பத்துல சொல்றேன். அதைப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, புது ஷாக் வாங்கணுமா, லேப்டாப் வாங்கணுமான்னு.

அடுத்த வாரம் பாக்கலாம். வாரேன் மக்களே.